தொட்டிலுக்கு வர்ணம் அடிக்கும் முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீ போனில் அனுப்பிய படங்கள் எல்லாம் பார்த்தேன். மாசியில் அக்காவுக்கு வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வலங்கைமான் வருகிறாள், அதற்குள் கொல்லைப்பக்கத்து அறையை ஒழித்து, பரணில் கிடக்கும் தொட்டில், நடைவண்டி, பாட்டி காலத்து அலமாரி எல்லாவற்றுக்கும் புதிதாகப் பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்று நீ துடியாய் நிற்பதைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்துவிட்டது. தாய்மாமன் ஆகப் போகிறவனுக்கு இந்த அக்கறை வேண்டும். போனில் சொன்னால் பாதி காதில் விழாது. பெயிண்டருக்கும் நீ படித்துக் காட்ட வேண்டியிருக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கும்பகோணத்தில் காலமெல்லாம் பெயிண்ட் கடையில் உட்கார்ந்திருந்தவன் சொல்வது என்று எடுத்துக்கொள்.

எந்தக் கம்பெனி, என்ன கலர் என்று கேட்டிருந்தாய். அதைப் பின்னால் சொல்கிறேன். உப்புத்தாளை எடுத்து அந்தத் தொட்டிலைத் தேய்க்க ஆரம்பித்திருந்தால், முதலில் அதை நிறுத்து.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொட்டிலின் மேல் சட்டத்தில் ஓரிடத்தில் பெயிண்ட் சில்லு பெயர்ந்திருக்கிறது. மேலே இலைப்பச்சை, அதற்கடியில் வெளிர்நீலம், அதற்கும் அடியில் எலுமிச்சை மஞ்சள், அப்புறம்தான் மரம். வீட்டில் பிள்ளை பிறக்கப் பிறக்க ஒவ்வொரு கோட்டாக ஏறியிருக்கிறது. அதே சட்டத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளம் தெரிகிறதே, அதெல்லாம் பல் பட்ட தடம். உன் அம்மா கடித்தது, நான் கடித்தது, நீயும் அக்காவும் கடித்தது. பல் முளைக்கிற பிள்ளை எழுந்து நின்று பிடித்துக்கொள்வதும் அந்தச் சட்டத்தைத்தான், ஈறு ஊறும்போது கடிப்பதும் அதைத்தான். அங்கே இருக்கிற மஞ்சளும் பச்சையும்தான் எனக்குக் கவலை.

காரணம் காரீயம். உன் அம்மா ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம், அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அந்தக் காலத்து எனாமலில் பளிச்சென்ற மஞ்சள் வேண்டுமென்றால் லெட் குரோமேட் என்கிற காரீயச் சாயம்தான். அதில் நீலம் கலந்தால் பச்சை. தயாரிக்கும் பக்குவத்தை மாற்றினால் ஆரஞ்சு. பெயிண்ட் சீக்கிரம் காய்வதற்கும் காரீயம்தான் சேர்த்தார்கள். நம் நாட்டுக் கடைகளில் வாங்கிய மஞ்சள் எனாமல்களைச் சோதித்துப் பார்த்தபோது, உலர்ந்த பெயிண்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே காரீயம் இருந்த டப்பாக்களும் அகப்பட்டன. இன்றைக்குச் சட்டம் அனுமதிப்பது பத்து லட்சத்தில் 90 பங்குதான். மத்திய அரசு அந்த விதியை அறிவித்தது 2016 நவம்பரில், அமலுக்கு வந்தது 2017 நவம்பரில். அதே 2017 ஜூலையில்தான் பட்டாசில் காரீயம், ஆர்சனிக், பாதரசம், ஆன்டிமனி, லித்தியம் எதுவும் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. நம் ஊர் வெடிக்காரர்கள் அதைப் பற்றிப் பேசியது உனக்கு ஞாபகம் இருக்கலாம். அந்த வருஷத்துக்கு முன்னால் நம் வீட்டில் ஏறிய எனாமல் எதையும் நல்ல பெயிண்ட் என்று நம்பி நாம் கை வைக்கக் கூடாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற டாக்டர் 1904லேயே எழுதி வைத்தார்: வீட்டு வராந்தாவின் கிராதியில் அடித்த பெயிண்ட் வெயிலில் காய்ந்து பொடியாகிறது, பிள்ளைகள் அதில் கையை வைத்து வாயில் வைக்கிறார்கள், அதனால்தான் காரீய விஷம் ஏறுகிறது என்று. அந்த மாநிலத்தில் 1922ல் சட்டம் வந்தது. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் காரீயத்துக்குத் தடை வந்தது 1978ல். நமக்கு வர 2016 ஆயிற்று. இடைப்பட்ட அத்தனை வருஷமும் நம் பிள்ளைகளின் தொட்டிலிலும் பள்ளிக்கூட பெஞ்சிலும் அது ஏறிக்கொண்டே இருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து, 2009ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சராசரியாக ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 11.4 மைக்ரோகிராம் காரீயம். அளவு கூடக் கூட, பிள்ளைகளிடம் பதற்றமும் கவனம் நிற்காத தன்மையும் கூடியதைப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இப்போது 3.5 தாண்டினாலே கவனி என்கிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பேச்சு. பெரியவர்கள் வயிற்றில் போனால் உடம்பு ஏற்பதைப் போல நாலைந்து மடங்கு குழந்தையின் உடம்பு ஏற்றுக்கொள்ளும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த பிள்ளைக்கு இன்னும் கூட. மூளையைத் தொட்ட பிறகு அதைத் திருப்பி எடுக்க மருந்து இல்லை.

கடித்து விழுங்கினால்தானே என்று நினைக்காதே. பெரிய ஆபத்து தூசியில். பழைய எனாமலை உலர உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வருகிற பொடி உளுந்து மாவு மாதிரி இருக்கும். அது உத்திரத்திலும் ஜன்னல் விளிம்பிலும் பாயிலும் படிந்து மாசக்கணக்கில் கிடக்கும். தவழுகிற பிள்ளை தரையைத் துழாவி விரலைச் சப்பும். கிரைண்டர் மாட்டித் தேய்ப்பது அதைவிட மோசம். தீயைக் காட்டிச் சுட்டு உரிக்கலாம் என்று பெயிண்டர் சொன்னால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல். அந்தப் புகையே விஷம்.

அக்காவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தாய் மூச்சில் இழுத்த காரீயம் நஞ்சுக்கொடி வழியாக வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். சின்ன வயதில் எலும்பில் தங்கிப் போனதுகூட, கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரையும்போது சேர்ந்து ரத்தத்தில் இறங்கும். அதனால் அவள் அந்த வீட்டு வாசலை மிதிப்பதற்குள் சுரண்டல், தேய்ப்பு, கழுவல் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அவள் வந்த பிறகு ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம். பாக்கி இருந்தால் பாக்கியாகவே இருக்கட்டும்.

இனி ஒவ்வொன்றாக.

தொட்டிலுக்குப் பெயிண்ட் அடிக்காதே. மேலே எத்தனை நல்ல பெயிண்ட் பூசினாலும் பல் அதைத் தாண்டி மஞ்சளுக்குப் போய்விடும். ரிமூவர் தடவி மரம் தெரியும்வரை உரித்துவிடலாம் என்பாய். கடைசல் கால்களின் மடிப்புகளிலும் பொருத்துகளிலும் இருப்பது முழுதாகப் போகாது. அம்மாவுக்கு மனசு கேட்காது, தெரியும். பெயர் வைக்கிற அன்றைக்கு ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, பட்டுத்துணி விரித்து, பிள்ளையைக் கொஞ்ச நேரம் அதில் போட்டு எடுங்கள். அதோடு அது பரணுக்குப் போகட்டும். முதல் ஐந்தாறு மாசத்துக்கு நம் வீட்டு வழக்கப்படி பழைய நூல்புடவையில் தூளி கட்டினால் போதும். கட்டுவதற்கு முன் உத்திரத்து வளையத்தில் நீயே தொங்கிப் பார். அப்புறம் தாய்மாமன் சீராக நீ ஒரு புதுத் தொட்டில் செய்து கொடு. பூவரசு போதும், தேக்கு கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விட வேண்டாம் என்று ஆசாரியிடம் சொல். பிள்ளையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். வர்ணமே வேண்டாம். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷ் போதும். ஸ்பிரிட் ஆவியாகிப் போனபின் நிற்பது சுத்தமான அரக்கு; மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகப் போடுகிறார்களே, அதேதான்.

நடைவண்டியை மாற்றிவிடு. யோசிக்கவே வேண்டாம்.

அலமாரியின் வெளிப்பக்கம் தேக்கு மேல் வார்னிஷ் போலத்தான் தெரிகிறது, அதைத் துடைத்தால் போதும். உள்தட்டும் கதவின் உள்பக்கமும்தான் பெயிண்ட். அது பெயராமல் பிடித்து நிற்கிறது என்றால் உரிக்க வேண்டாம், மூடிவிடு. சோப்புத் தண்ணீரில் கழுவி, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்து லேசாகப் பளபளப்பு மங்குமளவு தேய்த்து, அந்தச் சேற்றைத் துணியால் வழித்தெடுத்துக் காயவிட்டு, பிரைமர் ஒரு கை, மேல்கோட் இரண்டு கை. ஆனால் கதவு சட்டத்தோடு உரசுகிற விளிம்பு, இழுப்பறை ஓடுகிற பக்கம் இரண்டிலும் எத்தனை கோட் போட்டாலும் உரசி உரசிப் பொடி கொட்டிக்கொண்டே இருக்கும். அங்கே மட்டும் ஈரமாகவே மரம் வரை எடுத்துவிட வேண்டும். இந்த வேலை முழுவதும் கொல்லையில், தார்ப்பாய் விரித்து, காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத நேரத்தில். கீரைப்பாத்திக்குப் பக்கத்தில் வேண்டாம்.

வழித்தெடுத்த சக்கையைக் குடமுருட்டியிலும் கொட்டாதே, குப்பைக்குழியிலும் போடாதே. தடித்த பையில் கட்டி, இன்னது என்று சொல்லி, பேரூராட்சித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடு. பழைய நடைவண்டிக் கட்டையை யாரும் வெந்நீர் அடுப்பில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள். பிள்ளை பெற்ற வீட்டில் அந்த அடுப்பு நாள் முழுக்க எரியும். புகை ஒரு பக்கம் என்றால், அந்தச் சாம்பலை எடுத்துப் பாத்திரம் தேய்ப்பார்கள்.

பெயிண்டர் வருகிறாரே, அவருக்கு நல்ல மாஸ்க் நீ வாங்கிக் கொடு. வேலைக்கு நடுவே கை கழுவாமல் வெற்றிலை மடிக்க வேண்டாம் என்று பக்குவமாகச் சொல். வேலை உடுப்பை அங்கேயே அவிழ்த்து வைத்துவிட்டுக் குளித்துப் போகட்டும். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கும்.

படத்தில் நீ கவனிக்காத ஒன்று ஜன்னல் கம்பி. கீழ்ப்பாதியில் பச்சை பெயர்ந்து உள்ளே செந்தூர நிறம் தெரிகிறது. இரும்புக்கு அந்தக் காலத்தில் துருப்பிடிக்காமல் அடித்த காரீயச் செந்தூரமாக இருக்கலாம், சாதாரண ரெட் ஆக்சைடாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஒரு வயதுப் பிள்ளைக்குக் காக்கா காட்டிச் சோறு ஊட்டுகிற இடம் அது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாக்கை வைத்துப் பார்க்கும். அந்த அறைத் தரை சிவப்பாக இருப்பதைக் கண்டு பயப்படாதே. அது சிமெண்டில் கலந்த காவி, இரும்பு ஆக்சைடு, ஒன்றும் செய்யாது. ஆனால் பெருக்குவதை நிறுத்திவிட்டு ஈரத்துணியால் துடைக்கச் சொல்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். கம்பெனிப் பெயரைவிட டப்பாவில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார். காரீயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இல்லை என்ற வாசகம், தயாரித்தவரின் முகவரி, மாசம், வருஷம் இருக்க வேண்டும். மூடி துருப்பிடித்த பழைய ஸ்டாக்கை விலை குறைவு என்று தள்ளிவிடுவார்கள், வாங்காதே. தண்ணீரில் கரைகிற எனாமல் இப்போது நன்றாகவே வருகிறது; தின்னர் வாடை இல்லை. கலர் உன் இஷ்டம், எனக்கு வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள் ஓடினாற்போல இருந்தால் பிடிக்கும்.

இப்போது தைப்பனி. மூன்று மணிக்கு மேல் பிரஷ் தொட்டால் ராத்திரிப் பனியில் மேல்பூச்சு மங்கிப் போகும். சம்பா அறுவடையும் நடக்கிறது, மெஷின் ஓடுகிற நாளில் பதர்த்தூசி பறந்து ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு வேலையை வைத்துக்கொள்ளாதே. தொட்டால் கையில் ஒட்டவில்லை என்பது வேறு, உள்வரை இறுகியது என்பது வேறு. கடைசிக் கோட் முடிந்து மூன்று நாலு வாரம் அலமாரிக் கதவைத் திறந்து போட்டு வை. மாசிக்குள் அது முடிய வேண்டும் என்றால் இந்த வாரமே ஆரம்பித்துவிடு. பங்குனியில் பாடைக்காவடித் திருவிழாவுக்குக் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டால் நம் ஊரில் எந்த ஆளும் கிடைக்க மாட்டார்.

ஜன்னல் கம்பியை மட்டும் நீ தொடாதே. அடுத்த வாரம் கோவையிலிருந்து கிளம்பி வருகிறேன். கம்பியை ஆசாரியை வைத்து மொத்தமாகக் கழற்றிப் புதுச் சட்டம் போடுவதா, அப்படியே மூடுவதா என்பதை நேரில் பார்த்து முடிவு செய்யலாம். ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லி வை. அம்மாவிடம் தொட்டில் விஷயத்தை நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா