நாமும் நாங்களும்

அன்புள்ள தங்கைக்கு,

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைகளில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தோர் தமிழ்நாட்டவருடன் ஒரே ஷிப்டில் பணிபுரிவதால், பேசுவோரைச் சுட்டும் தன்மை, கேட்போரைச் சுட்டும் முன்னிலை, பேசப்படுவோரைச் சுட்டும் படர்க்கை என்னும் மூவிடப் பெயர்களில் மொழிக்கு மொழி உள்ள வேற்றுமை அங்கே அன்றாட உரையாடலிலேயே புலப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, அவர்களுள் சிலர் பேசக்கூடிய ராஜ்பன்ஷியைப் பார்ப்போம். வட வங்கத்தின் கூச் பெஹார், ஜல்பைகுரி மாவட்டங்களிலும் மேற்கு அசாமிலும் நேபாளத்தின் ஜாப்பா, மோரங் மாவட்டங்களிலும் வழங்கும் இம்மொழி, 2018-இல் மேற்கு வங்கத்தின் அலுவல் மொழிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. இதில் 'முய்' தன்மை ஒருமை, 'ஹாம்ரா' அதன் பன்மை, 'துய்' முன்னிலை ஒருமை. 'தொம்ரா' என்பதோ பலரையும் குறிக்கும், மதிப்புக்குரிய ஒருவரையும் குறிக்கும். பன்மையே மரியாதையாகும் இவ்வழக்கு தமிழின் 'நீங்கள்' என்பதிலும் உண்டு. ஆங்கிலத்திலும் ஒருவருக்குத் 'தௌ', பலருக்கு 'யூ' என்று இருந்த நிலை மாறி, மரியாதை கருதி ஒருவரையும் 'யூ' என விளிக்கும் பழக்கம் பரவியதால், 'தௌ' பொதுப்பேச்சிலிருந்து பெரும்பாலும் மறைந்தது. ஆகவே ஆங்கிலத்தில் மரியாதைச் சொல் இல்லை என்பது சரியான கூற்றன்று. அங்கே எஞ்சி நிற்பதே மரியாதைச் சொல்தான்.

படர்க்கையில் ஆங்கிலம் ஆண்பாலையும் பெண்பாலையும் பிரிக்க, ராஜ்பன்ஷி பிரிப்பதில்லை. தமிழோ 'அவன்', 'அவள்', 'அவர்' எனப் பிரிப்பதோடு, 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தார்' என வினைமுற்றிலும் அதை வற்புறுத்துவதால், பெயரைச் சொல்லாமல் தவிர்த்தாலும் தப்ப வழியில்லை. ராஜ்பன்ஷி பேசும் தொழிலாளி ஒருவர் 'அக்கா வந்தான்' என்றால், அதை அவமதிப்பாகக் கொள்வது பெரும் அநீதி. தாய்மொழியில் அவர் ஒருபோதும் செய்திராத பாகுபாட்டைத் தமிழ் அவரிடம் எதிர்பார்க்கிறது.

இவற்றினும் நுட்பமானது, கேட்பவரையும் உள்ளடக்கும் 'நாம்' என்பதற்கும் அவரை விலக்கும் 'நாங்கள்' என்பதற்கும் உள்ள வேறுபாடு. முன்னதை இலக்கணிகள் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். 'ஹாம்ரா', ஆங்கிலத்தின் 'வீ' ஆகிய இரண்டும் இப்பிரிவை அறியாதவை என்பதால், தமிழ் கற்பிக்க முனைவோர் எண்களுக்கும் கிழமைகளுக்கும் முன்பே இவ்விரு சொற்களைக் கற்பிப்பது நலம். ஏனெனில் புதிதாகத் தமிழ் பேசுபவர் உடன் பணிபுரிபவரை அழைக்கும் எண்ணத்தோடு 'நாங்கள் கேன்டீனுக்குப் போகிறோம்' என்று சொல்ல, கேட்பவர் அது தமக்கான அழைப்பென்று அறியாமலே இருந்த இடத்தில் இருந்துவிடக்கூடும்.

அன்புடன்,
அண்ணன்