பஸ் யன்னலில் தெரியும் மந்திரி மனை

வாப்பாவின் கடை கோப்பாயில் இருக்கிறது. எங்கள் வீடும் அங்கேதான். தினமும் பருத்தித்துறை வீதி வழியாகப் பஸ்ஸில் கல்லூரிக்கு வருகிறேன். இருபாலை, கல்வியங்காடு தாண்டி நல்லூரை அடைந்ததும், வளைந்த முகப்புடன் ஒரு பழைய கட்டடம் தெரியும். அதுதான் மந்திரி மனை.

நல்லூர் இராசதானியின் மந்திரி ஒருவர் வாழ்ந்த இடம் அது என்பது மரபு. அந்த அரசு 1619 இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. ஆனால் இன்று நாம் காணும் கட்டடம் அதற்குப் பின்னர், ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் எழுந்தது என்பர் ஆய்வாளர். அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. முகப்பும் வளைவுகளும் மேலைநாட்டுப் பாணியில் இருக்க, மரத்தூண்களின் செதுக்கலில் நம் தச்சரின் கைவண்ணம் தெரிகிறது. இரண்டு உலகங்கள் ஒரே கூரையின் கீழ் சந்தித்ததற்கு அது சாட்சி.

இத்தகைய கட்டடங்களைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? நமது தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1940 ஆம் ஆண்டுக்குரியது. கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான 1815 மார்ச் 2 ஐ அது எல்லையாகக் கொள்கிறது. அதற்கு முந்தியவை தொல்பொருள் என்றே கருதப்படும். அதன் பின்னர் எழுந்த கட்டடமாயின் நூறு ஆண்டு கடந்திருக்க வேண்டும். அமைச்சர் வர்த்தமானியில் அறிவிக்கவும் வேண்டும். எனவே விக்டோரியா மகாராணியின் காலத்தில் (1837–1901) செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்ட எத்தனையோ வீடுகள், யாரும் கேட்காவிட்டால், பாதுகாப்பின்றியே மறைந்துவிடும்.

அறிவித்தால் மட்டும் போதுமா? மந்திரி மனை பாதுகாக்கப்பட்ட சின்னம்தான். ஆனாலும் 2025 செப்டெம்பர் மழையில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மறுநாள் பஸ் யன்னலால் அதைப் பார்த்தபோது எனக்கு உம்மம்மாவின் வீடு நினைவுக்கு வந்தது.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, உம்மம்மா தன் வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு போனார். பல வருடங்களின் பின் திரும்பியபோது திறப்பு இருந்தது, கதவு இல்லை. ஓடும் இல்லை, வளையும் இல்லை. சுவரில் ஆலங்கன்று முளைத்திருந்தது. “சுவர் தானா விழேல்ல மகள். கூரை போனதாலதான் மழை உள்ளுக்கு வந்தது. ஆள் இல்லாததாலதான் கூரை போனது” என்று அவர் இன்றும் சொல்வார்.

நான் படித்தவையும் அதையே கூறுகின்றன. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளியே விட்டுவிடும். அதனால்தான் அது நூறு ஆண்டு நிற்கிறது. மேலிருந்து தண்ணீர் இடைவிடாது இறங்கினால் சாந்து கரைந்து கல் தளர்ந்துவிடும். வெடிப்பில் வேர் புகுந்தால் சுவர் பிளக்கும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் உதிரும். ஆகவே பழைய கட்டடத்துக்கு முதல் தேவை அலங்காரமல்ல, ஒழுகாத கூரை. அடுத்தது, தண்ணீர் வழிந்தோட வழி. மூன்றாவது, பழைய முறைச் சுண்ணாம்புச் சாந்து.

இவற்றைச் செய்யத் திணைக்களமும் காணிக்குரியவர்களும் ஒன்றுபட வேண்டும். மாணவிகளாகிய நமக்கும் பங்குண்டு. சுவரில் பெயர் கிறுக்காதிருப்போம். நம் ஊரின் பழைய வீடுகளைப் படமெடுத்து, அளந்து, அங்கு வாழ்ந்த பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்போம். வரலாற்றுப் பாடத்தின் செயற்றிட்டத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு வேண்டுமா?

உம்மம்மாவின் திறப்பு இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. அதற்குரிய கதவைத்தான் நாம் இழந்துவிட்டோம். நல்லூரில் மீதி நிற்கும் சுவர்களையாவது இழக்காதிருப்போம்.