கூரையில் இருக்கும் கல்நார்



மழைக்காலத்துக்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஏறிப் பாசியைச் சுரண்டுவதும், விரிசல் விட்ட ஷீட்டை மாற்றுவதும் அநேகர் வீடுகளில் நடக்கும் வேலைதான். உடைந்த துண்டுகளைக் கோழிக்கூண்டின்மேல் போடுகிறோம். நொறுங்கியதைச் சேறான வாசலில் கொட்டி மிதிக்கிறோம். அந்தத் தூசியைக் குறித்து இம்முறை அறிந்துகொள்வோம்.

ஆஸ்பெஸ்டாஸ் பூமியிலிருந்து வெட்டியெடுக்கப்படும் ஒரு கனிமம். தமிழில் கல்நார் என்பார்கள், பொருத்தமான பெயர். கல்லாயிருந்தும் நார்நாராகப் பிரியும், தீயில் எரியாது, மட்காது. ஆகையால் சிமெண்டுடன் கலந்து கூரை ஷீட்டும் குழாயும் செய்தார்கள், பாய்லர்களின்மேல் போர்த்தினார்கள், வண்டிகளின் பிரேக்கிலும் வைத்தார்கள். ஆனால் இந்த நார் பிரியப் பிரியக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியதாகி, காற்றில் வெகுநேரம் மிதக்கிறது. மூச்சோடு உள்ளே போய் நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை சென்று தங்கிவிடுகிறது. சாதாரணத் தூசியை விழுங்கி அகற்றும் அணுக்கள் நம் சரீரத்தில் உண்டு. நீண்ட இந்த நாரை அவற்றால் விழுங்க முடிவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்விடம் தழும்பேறி, நுரையீரல் விரிய முடியாமல் இறுகுகிறது. இதுவே ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலை மூடியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா என்னும் கொடிய புற்றுநோயும் கல்நாரால் உண்டாகின்றன. தழும்பை மாற்றும் மருந்து இல்லை.

இந்தச் சவ்வுப் புற்றுநோய்க்குக் கல்நாரே காரணம் என்பது தெளிவானது தென்னாப்பிரிக்காவில். கிம்பர்லி நகரின் காசநோய் மருத்துவமனையில் 1950களில் டாக்டர் ஸ்லெக்ஸ் ஒரு காரியத்தைக் கவனித்தார். மார்பில் நீர் கோத்து வந்தவர்களில், நகருக்குக் கிழக்கிலிருந்து வந்தவர்கள் காசநோய் மருந்தில் குணமடைந்தார்கள். மேற்கிலிருந்து வந்தவர்களில் சிலர் குணமடையவில்லை. மேற்கே இருந்தவை நீலக் கல்நார்ச் சுரங்கங்கள். டாக்டர் வாக்னரும் அவரும் மற்றொரு மருத்துவரும் சேர்ந்து 1960இல் 33 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் பலர் சுரங்கத்தில் வேலை செய்தவர்களே அல்ல. பிள்ளைப்பிராயத்தில் அதன் அருகே வசித்தவர்கள்.

1965இல் லண்டனில் இதே நோயாளிகள் 76 பேரை விசாரித்தபோது, 9 பேர் கல்நார்த் தொழிலாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் என்று தெரிந்தது. பெரும்பாலும் கணவரின் வேலை உடுப்பைத் துவைத்த மனைவிமார்! தூசி பட்டு நோய் வெளிப்படப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. இதை மனதில் வைத்தே நம் உச்ச நீதிமன்றம் 1995இல், கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கக் கட்டளையிட்டது.

நம் நாட்டுக் கூரை ஷீட்டில் இருப்பது வெள்ளைக் கல்நார், அது தீங்கற்றது என்று சிலர் சொல்லுவார்கள். நம்பவேண்டாம். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

அப்படியானால் கூரையை இன்றே பிரித்துவிட வேண்டுமா? வேண்டாம். ஷீட் உறுதியாய் இருக்கும்வரை அதிலிருந்து நார் வெளிவருவது மிகக் குறைவு. பயந்துபோய் அடித்து உடைப்பதுதான் பெரிய ஆபத்து. ரம்பத்தால் அறுக்கவோ, மின்சார டிரில்லால் துளைக்கவோ, உலர்ந்த பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்க்கவோ வேண்டாம். மாற்றியே ஆகவேண்டுமானால் தண்ணீர் தெளித்து நன்றாய் நனைத்து, போல்ட்டைக் கழற்றி ஷீட்டை முழுதாக இறக்கவேண்டும். (ஷீட்டின்மேல் நேராய் மிதித்து உள்ளே விழுகிற ஆபத்து வேறு.) பிள்ளைகள் அருகில் வேண்டாம். மூக்கில் துண்டு கட்டுவது இந்த நாரைத் தடுக்காது. நுண்தூசிக்கென்று செய்யப்பட்ட, முகத்தோடு நன்றாய்ப் பொருந்தும் முகக்கவசம் வேண்டும். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கவும். வேலை உடுப்பை உதறாமல், தனியாக நனைத்துத் துவைக்கவும். துண்டுகளை ஈரத்தோடு தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி, எங்கே ஒப்படைப்பது என்று நகராட்சியிலோ ஊராட்சியிலோ கேளுங்கள். பட்டறை வைத்திருப்போர் பிரேக் டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்யும் பழக்கத்தை விடவேண்டும்.

ஆராதனைக் கூடத்துக்கோ பள்ளிக்கோ புதிதாகக் கூரை போடத் திட்டமிடும் சபையார் ஓடு, கான்கிரீட், உலோகத் தகடு ஆகியவற்றின் விலையையும் கேட்டுப்பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் மலிவுதான். ஆனால் அதை அறுத்துப் பொருத்தும் கூலியாளின் நுரையீரல் அந்தக் கணக்கில் வருவதில்லை.

கல்நார் ஆலை, கப்பல் உடைக்கும் தளம், பாய்லர் வேலை, கூரை வேலை ஆகியவற்றில் முன்பு இருந்தவர்கள் புகையை அறவே விடவேண்டும். கல்நாரும் பீடி சிகரெட்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பன்மடங்காகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு நடந்தால் மூச்சு வாங்குவதோ, வறட்டு இருமலோ, மார்பு வலியோ தொடர்ந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும், “இத்தனை வருஷத்துக்கு முன் இந்த வேலை செய்தேன்” என்று நீங்களே சொல்லுங்கள். வேலை செய்த இடத்தையும் வருஷத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோவது இன்னும் நல்லது.