மனநல நிலையங்களும் அரசின் மேற்பார்வையும்

மனநோயாளரைப் பிரித்துக் காவலில் வைப்பதே 1912ஆம் ஆண்டு இந்தியப் பைத்தியச் சட்டத்தின் முதன்மை நோக்கமாயிருந்தது. அச்சட்டம், 1987இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வரும்வரை நீடித்தது. புதிய சட்டம் நிலையங்கள் உரிமம் பெறவேண்டுமென விதித்தது. எனினும் உரிமம் வழங்குவது வேறு. உள்ளே சென்று பார்ப்பது வேறு. ராஞ்சி, ஆக்ரா, குவாலியர் ஆகிய மூன்று அரசு மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் பொறுப்பை உச்ச நீதிமன்றம் 1997இல் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் ஒப்படைக்க நேர்ந்தது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாமல் 25க்கும் மேற்பட்டவர் மாண்டனர்.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலை அறவே தடை செய்கிறது. நோயாளியின் இசைவின்றி, அவருடைய நியமனப் பிரதிநிதியின் வேண்டுகோளின்பேரில் ஒருவரைச் சேர்த்தால், பெண்கள், சிறார் எனில் 3 நாட்களுக்குள்ளும், ஏனையோர் எனில் 7 நாட்களுக்குள்ளும் மனநலச் சீராய்வு வாரியத்துக்கு அறிவிக்கவேண்டும். முதற்கட்டச் சேர்க்கையின் உச்ச வரம்பு 30 நாள். வாரியத்துக்கு மாவட்ட நீதிபதியோ, அத்தகுதியுடைய நீதித்துறை அலுவலரோ, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியோ தலைமை வகிப்பார். மருத்துவருடன் நோயுற்றவர், பராமரிப்போர் அல்லது தொண்டு நிறுவனப் பிரதிநிதிகளும் அதில் இடம்பெறுவர். அடைக்கப்பட்டவர் முறையிடுவதற்கு மருத்துவமனைக்கு வெளியே ஓர் அமைப்பு உண்டு என்பதே இச்சட்டத்தின் உயிர்நாடி. வாரியம் அமைக்கப்படாத இடத்தில் ஏனைய பிரிவுகள் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிடும்.

போதை மீட்பு மையங்களின் நிலை மேலும் சிக்கலானது. குடிப்பழக்கத்தால் நிலைகுலைந்த குடும்பத்தார் செய்வதறியாது ஒருவரை அங்கு ஒப்படைக்கின்றனர். சில இடங்களில் முறையான மருத்துவர் இருப்பதில்லை, பூட்டு மட்டும் இருக்கிறது. நிதியுதவி பெறும் மையங்கள் சமூக நீதி அமைச்சகத்தின் திட்டங்களைச் சார்ந்தவை. மருத்துவமனைகளோ சுகாதாரத் துறையைச் சார்ந்தவை. ஆகவே பொறுப்பு மற்றவருடையது என்று இரு துறையினரும் கருத இடமுண்டு. மது, போதைப்பொருள் ஆகியவற்றால் விளையும் மனநிலைக் கோளாறுகளையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயின் வரையறையில் சேர்த்துள்ளது. ஆதலின் அத்தகையோரைத் தங்கவைத்துச் சிகிச்சையளிக்கும் மையங்களும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யப்படவேண்டும். ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் பதிவுச் சான்றைப் பார்த்ததோடு திரும்பலாகாது. சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள தேதியையும், வாரியத்துக்கு அனுப்பிய அறிவிப்பின் தேதியையும் ஒப்புநோக்கி, தங்கியிருப்போரைத் தனியே சந்தித்துக் கேட்டல் வேண்டும்.