மலையில் நாம், வந்தாறுமூலையில் பிள்ளை



பேராதனையில் தொடங்கி கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா என்று ஓடும் ஏ-5 பாதை எங்கே போய் முடிகிறது தெரியுமா? மட்டக்களப்பு மாவட்டத்தில், செங்கலடிச் சந்தியில். தேயிலை மலைகளை ஏறி இறங்கி வரும் அந்தப் பாதை, வயலும் வாவியும் உள்ள தரையில் முடிகிறது. சந்தியிலிருந்து சிறிது தூரத்தில், வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1981 ஆகஸ்ட் 1ஆம் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் முழுப் பல்கலைக்கழகமாக இயங்கி வருவது அது.

நமது லயங்களில் பிறந்த பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து அனுமதிக் கடிதம் வந்த அன்று தோட்டமே சந்தோஷப்படுகிறது. பெட்டி கட்டி பஸ் ஏற்றிவிட்டதும், "இனி அவன் பாடு, படிப்பு பாடு" என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். உண்மையில் பெற்றோரின் வேலை அன்றுதான் புதிதாகத் தொடங்குகிறது. அது என்ன வேலை என்பதே இம்முறை நமது பாடம். பிள்ளை பேராதனையில் படித்தாலும், யாழ்ப்பாணத்தில் படித்தாலும் இது பொருந்தும்.

"நாங்க படிக்கலையே, எங்களுக்கு என்ன தெரியும்?"

கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதில் பெற்றோரின் குற்றம் ஒன்றுமில்லை. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான். அதுவும் படிப்படியாகவே நடந்தது. அதற்கு முன் பெரும்பாலான தோட்டப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வழியிருக்கவில்லை. ஆகவே இன்று பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளில் பலர், தமது குடும்பத்திலேயே முதலாவதாகப் போகிறவர்கள். வழி சொல்ல வீட்டில் ஒரு அண்ணனோ அக்காவோ இல்லை.

ஆனால் பாடம் சொல்லித்தர அங்கே விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். பெற்றோரிடம் பிள்ளை எதிர்பார்ப்பது வேறு. நான் தோற்றாலும் என்னைச் சேர்த்துக்கொள்ள ஒரு வீடு இருக்கிறது, என் கஷ்டத்தைச் சொன்னால் கேட்க ஆள் இருக்கிறது என்ற தைரியம்தான் அது. அதைக் கொடுக்க எழுத்து வாசிப்புத் தேவையில்லை.

இரண்டு பொய்கள்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அம்மா கொழுந்து பறிக்கிறார். மகன் வந்தாறுமூலையில் முதலாம் வருடம். இரவில் போன் பேச்சு இப்படிப் போகிறது:

"சாப்பிட்டியா தம்பி?"

"சாப்பிட்டேம்மா."

"காசு இருக்கா?"

"இருக்கும்மா. வீட்டுல எல்லாரும் சுகமா?"

"எங்களுக்கு ஒன்னுமில்ல. நீ படிப்பப் பாரு."

"சரிம்மா."

அவ்வளவுதான். போன் வைத்தாயிற்று. ஆனால் மகன் அன்று பகல் ஒரு பணிசும் பிளேன்டீயும்தான் சாப்பிட்டான். அம்மாவுக்கு மலையில் குளவி கொட்டி, கை வீங்கி, இரண்டு நாள் பேர் விழவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் வருத்தக்கூடாது என்றே மறைத்தார்கள். அன்பினால் சொன்ன பொய்கள்தான். ஆனால் நான்கு நாள் கழித்து, குளவி கொட்டிய செய்தி தோட்டத்துச் சிநேகிதன் ஒருவன் மூலம் வாட்ஸ்அப்பில் மகனுக்குப் போய்ச் சேருகிறது. அன்றிலிருந்து அம்மா "ஒன்னுமில்ல" என்று சொன்னால் அவன் நம்புவதில்லை. இரவில் படிப்பில் மனம் நிற்பதில்லை. 'நான் இங்க உட்கார்ந்து படிக்கிறேன், அம்மா அங்க கஷ்டப்படுது' என்ற நினைப்பு அரிக்கத் தொடங்குகிறது. ஒரு நாள், "படிப்பு வேணாம்மா, கொழும்புக்கு வேலைக்குப் போறேன்" என்கிறான். நமக்கு அது திடீரென்று வந்த பேச்சாகத் தெரிகிறது. உண்மையில் அது பல மாதமாக வளர்ந்த பேச்சு.

எனவே முதல் பாடம் இது: வீட்டுச் செய்தியை அளவாக, ஆனால் உண்மையாகச் சொல்லுங்கள். "குளவி கொட்டிருச்சு தம்பி. ஆஸ்பத்திரியில மருந்து போட்டாங்க. இப்ப வீக்கம் குறைஞ்சிருச்சு. திங்கக்கெழம வேலைக்குப் போவேன்." இப்படிச் சொன்னால் பிள்ளை ஒரு நாள் கவலைப்படும். மறைத்தால் தினமும் கவலைப்படும். நீங்கள் உண்மை பேசினால்தான் அவனும் "இன்னைக்குச் சாப்பிடலம்மா" என்று சொல்வான்.

எப்போது பேசுவது, என்ன பேசுவது?

லயத்து வீட்டில் தனியாகப் பேச இடமில்லை. அடுத்த காம்பராவுக்கு எல்லாம் கேட்கும். விடுதியிலும் அப்படித்தான். ஒரே அறையில் பலர். ஆகவே கிழமையில் ஒரு நாள், ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பின்னேரம் நல்லது. சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு நடந்து போய், அவசரமில்லாமல் பேசுங்கள். அம்மா மட்டும் பேசி அப்பா தூரத்தில் நிற்பது வேண்டாம். அப்பாவின் குரலையும் பிள்ளை எதிர்பார்க்கும்.

"நல்லா படிக்கிறியா?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

"இந்தக் கெழம எது கஷ்டமா இருந்துச்சு?"

"யார்கூட உட்கார்ந்து சாப்பிடுற?"

"நாங்க ஏதாவது செய்யணுமா, இல்ல கேட்டா மட்டும் போதுமா?"

மூன்றாவது கேள்வி முக்கியமானது. பிள்ளை கஷ்டத்தைச் சொன்னதும் நாம் உடனே புத்தி சொல்லத் தொடங்குகிறோம், அல்லது அழுகிறோம். இரண்டும் பிள்ளையின் வாயை அடைத்துவிடும். சில நேரம் "ம்... சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

முதல் வருடம் ஏன் கஷ்டம்?

மலைக் குளிரில் வளர்ந்த பிள்ளைக்கு மட்டக்களப்பு வெயில் முதலில் ஒத்துவராது. தண்ணீர் வேறு, சாப்பாடு வேறு, பேச்சும் வேறு. "மனே" என்று அன்பாகக் கூப்பிடும் ஊர் அது என்பது பழகிய பிறகே தெரியும். விஞ்ஞானம், விவசாயம் போன்ற பீடங்களில் பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழில் உயர்தரம் படித்து நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை, முதல் பரீட்சையில் ஒரு பாடத்தில் தவறிவிடலாம். அதைத் திரும்ப எழுத வழியுண்டு. "ஊர் சிரிக்கும்" என்று நாம் சொல்லிவிட்டால், அடுத்த முறை பெறுபேற்றையே சொல்லாது.

இன்னொன்றும் உண்டு. "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை எங்காவது, யாராவது சொல்லிக் கேட்டு, சில பிள்ளைகள் தமது முகவரியையே மறைக்கிறார்கள். பெற்றோர் பார்க்க வருவதைக்கூடத் தட்டிக்கழிக்கிறார்கள். கோபப்படாதீர்கள். மலையக மக்களின் 200 வருட வரலாற்றை 2023இல் நாடெங்கும் நினைவுகூர்ந்தோம். தாத்தா, பாட்டி பட்ட பாட்டையும், உங்கள் கையால் பறித்த கொழுந்தில்தான் இந்தப் படிப்பு நடக்கிறது என்பதையும், குத்திக்காட்டாமல் கதையாகச் சொல்லுங்கள். வேர் தெரிந்த பிள்ளைக்குக் கூச்சம் குறையும்.

காசு விஷயம்

1981இல் சட்டத்தினால் அமைக்கப்பட்டது மகாபொல புலமைப்பரிசில். அது கிடைக்காத, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நிதியுதவி, அதாவது பர்சரி உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், நிதியுதவியை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்த அறிவிக்கப்பட்டது. இன்றைய தொகை என்ன என்பதைப் பிள்ளையிடமே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

இங்கே பெற்றோர் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. விண்ணப்பத்துக்கு வருமானச் சான்று தேவை. தோட்ட ஒப்பீசில் சம்பளச் சான்று எடுக்கவேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் போகவேண்டும். இவற்றை "நாளைக்குப் பார்ப்போம்" என்று விட்டால் திகதி போய்விடும். பிள்ளை தூரத்தில் இருந்து இதைச் செய்ய முடியாது. அரை நாள் வேலை போனாலும் இதற்காகப் போவது நட்டமல்ல.

கொடுப்பனவு எப்போதும் நினைத்த நாளில் கைக்கு வராது. ஆரம்ப மாதங்களை வீட்டுக் காசில்தான் ஓட்டவேண்டியிருக்கும். ஆகவே பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள்: சாப்பாடு, விடுதி அல்லது அறைக் கூலி, போட்டோக் கொப்பி, பஸ் காசு, போன். பிறகு, "எங்களால மாசம் இவ்வளவுதான் முடியும், சம்பளம் போட்ட மறுநாள் அனுப்புவோம்" என்று சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் கூட அனுப்பி, அடுத்த மாதம் ஒன்றுமில்லாமல் விடுவதைவிட, சிறு தொகையென்றாலும் தவறாமல் அனுப்புவது நல்லது. தோட்டை இரகசியமாக அடகு வைத்து அனுப்பாதீர்கள். வைக்கத்தான் வேண்டுமென்றால் வீட்டில் எல்லோரும் அறிய வையுங்கள். இரகசியக் கடன் பின்னால் இரண்டாவது பிள்ளையின் படிப்பைத் தின்னும்.

பகிடிவதை என்றால்

"எல்லாரும் பட்டதுதான், பொறுத்துக்க" என்று சொல்லாதீர்கள். கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் வன்செயலையும் தடை செய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் 1998இல் நிறைவேற்றப்பட்டது. அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பிள்ளை வாய்திறந்தால் முதலில் நம்புங்கள். எங்கே, எப்போது, யார் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். மாணவர் ஆலோசகரிடம் போகச் சொல்லுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். காயம் அல்லது பயமுறுத்தல் என்றால் பொலிசுக்கும் போகலாம். மகள் என்றால், "சொன்னா படிப்ப நிப்பாட்டி, கல்யாணம் பண்ணி வச்சிருவாங்க" என்று பயந்தே பல விஷயங்களை மறைப்பாள். "என்ன நடந்தாலும் உன் படிப்ப நிப்பாட்டமாட்டோம்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள்.

சில பாட்டிமார் கிழக்கு என்றாலே பயப்படுவார்கள். அந்தப் பயம் காரணமில்லாததல்ல. 1990இல் அதே வளாகத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் அகதிகளாகத் தங்கியிருந்தபோது, செப்டெம்பர் 5ஆம் திகதி 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போனார்கள். போர் முடிந்தது 2009இல். இன்று அங்கே தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கிறார்கள். பயந்து மகளைத் தடுப்பதைவிட, ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள். பிள்ளை இருக்கும் இடத்தைக் கண்ணால் கண்டபின், போனில் அவள் சொல்லும் கதையெல்லாம் உங்களுக்கு விளங்கும்.

தொடர்பு அறுந்தால்

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியை நாம் மறக்க முடியாது. மலையகத்தில் மண் சரிந்தது, பாதைகள் அறுந்தன, பல இடங்களில் போனும் வேலை செய்யவில்லை. தூரத்தில் படிக்கிற பிள்ளைக்கு, வீட்டார் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் இருப்பதைவிடப் பெரிய வேதனை ஏது? கார்த்திகை, மார்கழியில் செங்கலடிப் பக்கமும் வெள்ளம் போடும். எனவே இப்போதே ஒரு கடதாசியில் மூன்று இலக்கங்கள் எழுதி இரு பக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்: பக்கத்து வீட்டார், வேறு ஊரில் இருக்கும் ஒரு சொந்தக்காரர், பிள்ளையின் அறைத் தோழர். போனில் மட்டும் சேமித்தால் போதாது. சார்ஜ் இறங்கினால் அதுவும் போய்விடும்.

"விட்டுட்டு வாறேன்" என்று சொன்னால்

ஏசவும் வேண்டாம், உடனே "சரி வா" என்று சொல்லவும் வேண்டாம். போனில் இந்த முடிவை எடுக்காதீர்கள். "மாணவர் ஆலோசகர்கிட்ட சொல்லிட்டு, ரெண்டு நாள் வீட்டுக்கு வா, பேசுவோம்" என்று கூப்பிடுங்கள். சொல்லாமல் வந்துவிட்டால் வருகை குறைந்து பரீட்சை எழுத முடியாமல் போகலாம். வந்ததும் சுடுசோறு போட்டு, ஒரு இரவு தூங்கவிடுங்கள். மறுநாள் கேளுங்கள்: காசா, பாடமா, பயமா, தனிமையா? காரணம் தெரிந்தால் பாதிக்கு வழி பிறக்கும்.

தீபாவளிக்கு வரும் பிள்ளையிடம், "அவன் படிச்சவன், நமக்கென்ன பேச்சு" என்று விலகி நிற்காதீர்கள். கிணற்றடிக்கும் கோயிலுக்கும் பழையபடி கூட்டிப் போங்கள். தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லித்தரச் சொல்லுங்கள். வீட்டில் தனக்கொரு வேலை இருக்கிறது என்று அறிந்த பிள்ளை திரும்பத் திரும்ப வரும்.

கலந்து பேசுவோம்

மாதர் சங்கத்திலோ, கோயில் மண்டபத்திலோ சேரும்போது இவற்றைப் பேசிப் பாருங்கள்.

1. கடந்த மாதம் பிள்ளையிடம் நாம் மறைத்த விஷயம் என்ன? மறைத்ததால் யாருக்கு நன்மை?

2. நமது தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன மூத்த பிள்ளைகள் யார்? புதிதாகப் போகிறவர்களோடு அவர்களைப் பேசவைக்க முடியுமா?

3. வருமானச் சான்று எடுக்க, எழுதத் தெரியாத பெற்றோருக்கு யார் துணை போவது?

இந்த ஞாயிறு பின்னேரம் போன் எடுக்கும்போது, "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் வைத்துவிடாமல், "என்ன சாப்பிட்ட?" என்றும் கேளுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.