ஏவனுக்கு அப்போது என்ன தெரியும்?

ஹரோவில் இருந்து முதல் விண்வெளி நாடகம் எழுதும் தங்கச்சிக்கு,

உங்கள் கதையின் மூன்றாம் பாகத்தில் ஒருவன் தோழனைக் காட்டிக்கொடுக்கிறான். ஏன் செய்தான் என்று ஒரு பக்கத்துக்கு அவனே பேசுகிறான். அந்தப் பக்கத்தில் கைவைக்கும் முன் பிபிசியின் 'பிளேக்ஸ் செவன்' கடைசி அத்தியாயத்தைப் பாருங்கள். பார்த்திருந்தால் இன்னொரு முறை பாருங்கள்.

டெரி நேஷன் உருவாக்கிய இந்தத் தொடர் 1978இல் தொடங்கி 1981 டிசம்பர் 21ஆம் திகதி முடிந்தது. கடைசி அத்தியாயம் கிறிஸ் பௌச்சர் எழுதியது. கொடுங்கோல் பெடரேஷனை எதிர்த்த கூட்டத்தின் தலைவன் பிளேக். அவனோடு ஒட்டியும் ஒட்டாமலும் திரிந்த கணினிக் கில்லாடி ஏவன். காணாமல்போன பிளேக்கைத் தேடி கௌடா பிரைம் கிரகத்துக்கு வரும் ஏவன், கண்ட சற்று நேரத்தில் அவனைச் சுட்டுக் கொல்கிறான். கிறிஸ்மஸுக்கு நாலு நாள் இருக்கும்போது!

முதல் முறை பார்க்கிறவர் ஏவனைத் திட்டுவார். இரண்டாம் முறை கண் பிளேக்கிடம் போகிறது. தலைக்கு விலை வைக்கப்பட்டவர்களைப் பிடிக்கிறவனாக வேடமிட்டு, வருகிறவர்களைச் சோதித்து, தேறியவர்களைத் தன் படையில் சேர்த்துக்கொண்டிருக்கிறான் அவன். ஏவனோடும் பழைய கூட்டாளிகளோடும் வந்த டாரன்டுக்கும் அதே சோதனைதான். டாரன்ட் நடிப்பை உண்மையென்று நம்பித் தப்பியோடி, 'விற்றுவிட்டான்' என்று ஏவனிடம் சொல்கிறான். ஏவன் கையில் இருந்தவை அந்தச் செய்தியும் ஒரு துப்பாக்கியும். சோதனையில் தேறிய ஆர்லனோ பெடரேஷன் அதிகாரி. தோழனை விரட்டி எதிரியை உள்ளே விட்ட சோதனை அது! நம்பிக்கையை முதலில் முறித்தவன் பிளேக் என்றே சொல்லவேண்டும்.

அதற்காக ஏவனுக்கு விடுதலை இல்லை. இரண்டு வாரம் முன், டிசம்பர் 7இல், ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய 'ஆர்பிட்' அத்தியாயம் வந்தது. ஒரு சின்ன ஓடத்தில் ஏவனும் அவன் கூட்டாளி வீலாவும். பாரம் கூடிப்போய் ஓடம் மேலேற மறுக்கிறது. கழற்றியதையெல்லாம் வெளியே தள்ளியும் இன்னும் 70 கிலோ குறைக்கவேண்டும். வீலாவின் எடை 73 கிலோ என்று ஓராக் கணினி எடுத்துக்கொடுக்கிறது. ஏவன் துப்பாக்கியோடு எழுந்து, கனிவான குரலில் வீலாவைக் கூப்பிட்டபடி தேடுகிறான். வீலா ஒளிந்திருந்து நடுங்குகிறான். ஒளித்துவைக்கப்பட்டிருந்த உண்மையான பாரம் தற்செயலாய் அகப்பட்டதால்தான் வீலா பிழைத்தான். அந்தக் குரலைக் கேட்டவருக்குக் கடைசி அத்தியாயத்தில் விளக்கவுரை வேண்டியதில்லை. அங்கே ஏவனாக நடித்த பால் டாரோ, சுற்றிவளைத்த சிப்பாய்களைப் பார்த்து மெல்லச் சிரிப்பதோடு சரி.

தான் தொடருக்குத் திரும்பி வந்தால் பிளேக் சந்தேகமறச் செத்தாகவேண்டும் என்பது பிளேக்காக நடித்த கரெத் தாமஸின் விருப்பமாம். நடிகரின் நிபந்தனையையே கதையின் முடிச்சாக்கிய பௌச்சரைப் பாராட்டத்தான் வேண்டும்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் நிலாவைப் பொம்மை அரசியாக்கும் ரவி செய்வது கணக்குப் போட்ட துரோகம். உங்கள் ஆள் எந்த வகை? விபீஷணனை வைத்து நம்மவர் இன்னும் பட்டிமன்றம் நடத்துவது கம்பன் அவனுக்குக் காரணமும் கொடுத்துக் கும்பகர்ணனையும் எதிரே நிறுத்தியதால்தான். ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில், யாருக்கு அப்போது எது தெரியும் என்று எழுதிப்பாருங்கள். வசனம் தானாகச் சுருங்கும்.

விண்கல அரங்குக்குக் காசில்லை என்று மலைக்கவேண்டாம். 'ஆர்பிட்'டின் அந்தக் காட்சிக்கு வேண்டியது ஒரு நெருக்கமான அறையும் இரண்டு நடிகர்களும். வெளிப்புறக் காட்சி வேண்டுமென்றால் பக்கத்துப் பெரிவேல் இருக்கிறது. பழைய 'டாக்டர் ஹூ'வின் கடைசிக் கதையின் பல காட்சிகளை 1989இல் அந்தத் தெருக்களிலும் ஹார்சன்டன் குன்றிலும்தான் எடுத்தார்கள்.