கற்றலுக்குப் பல வாயில்கள்

நுழையும்முன்

கண்ணால் கற்போர் உண்டு. செவியால் கற்போர் உண்டு. விரல்நுனியால் கற்போரும் உண்டு. ஒரு வாயில் அடைபட்ட குழந்தைக்கு மற்றொரு வாயிலைத் திறந்து வைப்பது கற்பித்தலின் கடமையாகும். சிறப்புத் தேவையுடைய குழந்தைகளுக்குப் பொது வகுப்பறையிலேயே துணைநிற்கும் எளிய வழிமுறைகளை இப்பாடம் விளக்குகிறது.

தடை எங்கே உள்ளது?

நான்காம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். ஆசிரியர் கூறும் கதையை ஒருமுறை கேட்டதும் அவள் திரும்பச் சொல்வாள். கடையில் மீதிச் சில்லறையைப் பிழையின்றி எண்ணி வாங்குவாள். புத்தகத்தைத் திறந்தாலோ ஒரு வரியைக் கடப்பதற்குள் திணறுவாள். அவளைச் 'சோம்பேறி' என்றும் 'மக்கு' என்றும் அழைப்பது எளிது. அச்சொல்லை நாள்தோறும் கேட்கும் குழந்தை, ஒரு கட்டத்தில் அதனை உண்மையென நம்பிவிடும். பின்னர்ப் பள்ளியை விட்டே விலகக்கூடும்.

இத்தகைய இடர்ப்பாட்டுக்கு 'டிஸ்லெக்சியா' எனப்படும் வாசிப்புக் குறைபாடு காரணமாக இருக்கலாம். இது அறிவுக்குறைவு அன்று. ஒலியையும் அதற்குரிய எழுத்தையும் விரைந்து இணைப்பதில் ஏற்படும் இடர்ப்பாடு. எனவே, குழந்தையைக் கடிவதை விடுத்துக் கற்பிக்கும் முறையை மாற்றுவதே பயன்தரும்.

எழுத்தும் ஒலியும்

'கொ' என்னும் எழுத்தை ஒலிக்கும்போது ககர மெய் முன்னும் ஒகர உயிர் பின்னும் வருகின்றன. எழுதும்போதோ ஒற்றைக்கொம்பு முன்னும் துணைக்கால் பின்னும் நிற்க, 'க' இடையில் அமைகிறது. ஒலியின் வரிசை வேறு. வடிவத்தின் வரிசை வேறு. ண, ன என்பன போன்று வடிவால் நெருங்கிய எழுத்துகளும் உள்ளன. பலர் எளிதாகக் கடந்துவிடும் இவ்விடங்களில் சில குழந்தைகள் தடுமாறுகின்றனர்.

திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகிய முறை இங்குக் கைகொடுக்கும். எழுத்தை உரக்க ஒலித்துக்கொண்டே மணலில் எழுதும் குழந்தை, கண், செவி, விரல் ஆகிய மூன்றாலும் அதனைக் கற்கிறது. 'க்', 'ஒ' என இரு அட்டைகளைச் சேர்த்துக் 'கொ' அட்டையை எடுக்கச் செய்யலாம். முன்னறிவிப்பின்றி அனைவர் முன்னிலையிலும் உரக்க வாசிக்கும்படி வற்புறுத்தாமல், விடையை வாய்மொழியாகக் கூறவும் வாய்ப்பளிக்கலாம்.

தெரியுமா?

சிறு வயதில் பார்வை இழந்த பிரெஞ்சு நாட்டவரான லூயி பிரெய்ல் (1809 – 1852), தம் 15ஆம் வயதில் ஆறு புள்ளிகளைக் கொண்டு தொட்டுப் படிக்கும் எழுத்துமுறையை வடிவமைத்தார். தமிழ்ப் பிரெய்லில் 'கொ' என்பது, ககரத்திற்கு உரிய புள்ளிகளை அடுத்து ஒகரத்திற்கு உரிய புள்ளிகளாக, ஒலிக்கும் வரிசையிலேயே எழுதப்படுகிறது.

செவியும் இதழும்

செவித்திறன் குறைந்த மாணவர் பலர், பேசுவோரின் இதழசைவைக் கொண்டும் பொருளை உணர்கின்றனர். ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தவாறு பேசினால் அவ்வழி அடைபட்டுவிடும். சன்னலுக்கு முதுகுகாட்டி நின்றால் முகம் நிழலில் மறையும். ஆதலால், வெளிச்சம் முகத்தில் விழுமாறு நின்று, மாணவரை நோக்கி இயல்பான வேகத்தில் பேசுதல் வேண்டும்.

ப, ம இரண்டும் இதழ்கள் பொருந்தப் பிறப்பவை. எனவே 'படம்', 'மடம்' ஆகிய சொற்கள் இதழசைவில் ஒன்றுபோலவே தோன்றும். பாடத்தின் முதன்மைச் சொற்களைப் பலகையில் எழுதிவிடின் இம்மயக்கம் நீங்கும். பார்வைத்திறன் குறைந்தோர்க்கோ எழுதுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுவது துணையாகும். இவ்விரு பழக்கங்களும் வகுப்பிலுள்ள அனைவருக்கும் பயன்படுவன.

ஒழுங்கும் படிநிலையும்

ஆட்டிசம் உடைய குழந்தைகள் சிலருக்கு எதிர்பாராத மாற்றமும் பேரொலியும் மிகுந்த பதற்றத்தைத் தரும். அன்றைய நிகழ்வுகளைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுவதும், மாற்றம் இருப்பின் முன்கூட்டியே அறிவிப்பதும் அவர்களை அமைதிப்படுத்தும். அறிவுசார் குறைபாடு உடையோர்க்கு ஒரு செயலைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒன்று கைவந்த பின்னரே அடுத்ததைக் கற்பித்தல் நன்று.

சலுகையா, உரிமையா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, கற்றல் குறைபாடு உள்ளிட்ட 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகிய ஏற்பாடுகளுக்கும் அச்சட்டம் இடமளிக்கிறது. இவற்றைச் சலுகை எனக் கருதுவோர் உளர். மூக்குக்கண்ணாடி அணிந்து தேர்வெழுதும் மாணவரை எவரும் சலுகை பெற்றவர் என்பதில்லை. தேர்வு அளக்க வேண்டியது மாணவரின் அறிவையே. கையின் வேகத்தையோ கண்ணின் கூர்மையையோ அன்று.

அருகில் அமர்ந்திருப்பவர்

ஆசிரியரின் கண் எப்போதும் ஒருவர்மீதே இருத்தல் இயலாது. பக்கத்து இருக்கை மாணவரோ நாள் முழுவதும் உடனிருப்பவர். பாடத்தை வாசித்துக் காட்டுதல், குறிப்பேட்டைப் பகிர்தல், கேலிப்பெயரைத் தடுத்தல் ஆகியவை அவரால் இயலும். உதவி வேண்டுமா எனக் கேட்டுச் செய்வதும், தோழர் தாமே செய்யக்கூடியதைச் செய்யவிட்டுக் காத்திருப்பதும் உண்மையான துணையாகும். அந்தக் காத்திருப்பில்தான் நான்காம் வகுப்புச் சிறுமி தன் முதல் வரியை முழுதாய் வாசித்து முடிக்கிறாள்.

கற்பவை கற்றபின்...

1. கொம்பு இடம்பெறும் உயிர்மெய் எழுத்துகளைத் தொகுத்து, அவற்றின் ஒலிவரிசையையும் வரிவடிவ வரிசையையும் ஒப்பிடுக.
2. இதழசைவில் ஒன்றுபோல் தோன்றும் சொல்லிணைகள் ஐந்தனை எழுதுக.